நான்கு ஜாடிக்குள் ஐம்பத்து நான்கு

14

ஒன்பது வருஷத்தின் விலை இருநூற்று எழுபது.

விலை போட்டவர் அப்பா. கடல் ஆய்வு நிறுவனத்தின் வாசலில் காவலாளியிடம் நீட்ட வேண்டிய படிவத்தில், 'உள்ளே கொண்டுவரும் பொருளின் மதிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பாப்பா பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா படிவத்தை வாங்கிப் பார்த்தார். அரை நிமிஷம் ஆகவில்லை.

"நத்தை ஓடு கரையில சும்மா கிடைச்சது. அதுக்கு விலை கிடையாது. பாட்டிலுக்கு அஞ்சு போடு. அம்பத்து நாலு பாட்டில், இருநூத்து எழுபது. மூடி இலவசம்."

நாற்பது வருஷம் இரும்புக் கடை நடத்தியவர். கடலுக்கே விலை கேட்டாலும், முதலில் எத்தனை வாளி வேணும் என்றுதான் கேட்பார்.

கதையை வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்குப் பாப்பாவைத் தெரியும். இந்த வாரம்தான் கடைப்பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மாதிரி காட்டிவிடுகிறேன். வயது முப்பத்தாறு. வீட்டில் இன்னும் பாப்பா. கல்லூரியில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால் ஒன்பது வருஷத் தற்காலிகம். பத்து மாதம் வேலை, இரண்டு மாதம் வாசலில் நிறுத்தி, மறுபடி புதிதாக எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஒன்பது வருஷமும் வருஷத்துக்கு ஒரு தடவை கடற்கரையில் ஆறு இடங்களுக்குப் போய், இடத்துக்கு நூற்றிருபது நத்தை ஓடு பொறுக்கி வந்தாள். எல்லாம் ஒரே வகை நத்தை. ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் எழுதி வைத்தாள். நத்தைகள் வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து வருகின்றன என்று கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினாள். கட்டுரையைப் படித்த மூத்த பேராசிரியர் ஒருவர், 'எண்கள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன. ஓடுகளை நானே அளந்தால் நம்புவேன்' என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்.

அந்தப் பேராசிரியர்தான் இன்றைக்கு நேர்காணல் குழுவில் இருக்கிறார். ஆய்வு நிறுவனத்தில் காலியாக இருப்பது ஒரே ஒரு நிரந்தர விரிவுரையாளர் இடம். ஓடுகளைக் கொண்டு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வயது வரம்பு முப்பத்தாறு. அடுத்த மாதம் பாப்பாவுக்கு முப்பத்தேழு.

இனி, காலை ஏழரை மணி.

*

"கண்ணை மூடிக்கிட்டு வா" என்றார் அப்பா.

கல்லூரி ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகியதால், ஐம்பத்து நான்கு புட்டிகளையும் மூன்று வாரத்துக்கு முன் பாப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னறையில் அடுக்கியிருந்தாள். "தூசி துடைச்சு வைக்கிறேன்" என்று அப்பா கேட்டார். "துடைச்சு மட்டும் வைங்கப்பா" என்றாள். பிறகு பரீட்சைத் தாள் திருத்துவதில் தலை போய்விட்டது. பின்னறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

அலமாரியில் நான்கு பெரிய கண்ணாடி ஜாடிகள். கடையில் திருகாணி போட்டு வைத்திருந்த அதே ஜாடிகள். ஒவ்வொன்றின் மேலும் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு. பெரிசு. நடு. சின்னது. பொடி.

"மத்த பாட்டில் எல்லாம் எங்கேப்பா?"

"கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். ஒண்ணும் உடையல."

"உள்ள இருந்தது?"

"இதுதான் உள்ள இருந்தது."

பாப்பா ஜாடியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி ஜாடியைப் பார்த்தாள்.

"அம்பத்து நாலு கண்ணாடி பாட்டிலை நீ எப்படித் தூக்கிட்டுப் போவே? அதை யோசிச்சுதான் ஒண்ணைத் திறந்தேன். நத்தை. அடுத்ததைத் திறந்தா அதுலயும் அதே நத்தை. ஒரே சரக்கைப் போய் யாராவது அம்பத்து நாலா பிரிச்சு வைப்பாங்களா? அதுவும் ஒரு பாட்டில்லயே பெரிசும் கிடக்கு, சின்னதும் கிடக்கு. பார்க்கச் சகிக்கல."

"எப்படிப் பிரிச்சீங்க?" குரல் அவளுடையது போலவே இல்லை.

"அப்படிக் கேளு." அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று சல்லடைகளை எடுத்தார். கடையை விற்றபோது விலை போகாமல் மிஞ்சிய கம்பிவலையில், மூன்று அளவுக்கு மூன்று சல்லடை, அவரே சட்டம் அடித்துச் செய்தது. "ஒன்பது நாள் வேலை. சல்லடையில விட்டு எடுத்து, அப்புறம் கையால ஒரு தடவை பார்த்து. நீ என்னடான்னா ஒவ்வொண்ணா அளந்துகிட்டு இருந்திருக்கே. அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"உள்ள ஒவ்வொரு பாட்டில்லயும் ஒரு துண்டுச் சீட்டு இருந்திருக்குமே."

"நான் என்ன காகிதத்தைத் தூக்கிப் போடுற ஆளா?" பில் குத்தும் கம்பியை நீட்டினார். ஐம்பத்து நான்கு சீட்டும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. "எண்ணிக்கோ. ஒண்ணு குறையாது."

குறையவில்லைதான். ஒவ்வொரு சீட்டிலும் பென்சிலில் ஓர் இடம், ஒரு தேதி. பாலத்தடி, முதல் வருஷம். படகுத்துறை, நாலாம் வருஷம். பாறைமுனை, ஏழாம் வருஷம். சீட்டு அத்தனையும் இருக்கிறது, ஓடு அத்தனையும் இருக்கிறது. எந்தச் சீட்டு எந்த ஓட்டுக்கு என்பது மட்டும் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. நத்தைக்கும் தெரியாது, அது செத்து வருஷக்கணக்காகிறது.

"நல்லா இருக்கா?" என்றார் அப்பா.

அவர் தோளுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. தலையை இடமும் வலமும் ஒரே ஒரு தடவை, லேசாக ஆட்டினாள்.

"நல்லா அடுக்கியிருக்கீங்கப்பா" என்றாள் பாப்பா.

*

அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அம்மா பேசினாள். அந்த வீட்டில் ரகசியம் என்றால் முதலில் குழாய் திறக்கும்.

"தப்பாயிடுச்சா?"

"ஆமா."

"எவ்வளவு தப்பு?"

"முழுசா."

"திருப்பிப் பிரிச்சுட முடியாதா? நீ படிச்சவதானே. பார்த்தாத் தெரியாதா?"

"நத்தை முதுகுல தேதி போட்டுக்கிட்டு வராதும்மா."

"மறுபடி போய்ப் பொறுக்கிட்டு வந்தா?"

"இந்த வருஷத்துக் கரைக்குப் போகலாம். ஒன்பது வருஷத்துக்கு முந்தின கரைக்கு யாரைப் போய்ப் பொறுக்கச் சொல்றது?"

அம்மா பாத்திரத்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

"கடையை வித்த நாள்லேர்ந்து உங்கப்பா எப்படிக் கிடந்தார்னு நீயும் பார்த்தே. எட்டு மாசம் செவுத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டா, எதுக்குன்னு கேட்பார். இந்த ஒன்பது நாளா விடியுறதுக்கு முன்னாடி எழுந்து முகம் மழிச்சுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போறார். போகும்போது 'கடைக்குப் போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போறார்டி."

"எனக்குக் கோபம் இல்லம்மா."

"தெரியும். கோபமா இருந்தாலாவது கத்திட்டு விட்டுடுவே. இன்னைக்குச் சொல்லாதே."

"சரி."

"நாளைக்கும் சொல்லாதே."

"அப்புறம் எப்பதான்மா சொல்றது?"

அம்மா குழாயை மூடினாள்.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வாடகை வண்டிக்குச் சொல்லிட்டேன். நானும் வரேன். சரக்கு போற இடத்துக்கு ஆள் கூடப் போகலைன்னா வழியில கைமாறிடும்."

"வேணாம்பா, நான் பார்த்துக்கறேன்."

"நீ பாடத்தைப் பாரு. ஜாடியை நான் பார்த்துக்கறேன்."

அப்பாவின் மேல், கடைக்குப் போட்டுப் போகும் சட்டை. பையில் பேனா. மடியில் இரண்டு ஜாடி, காலுக்கிடையில் இரண்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் டிரைவரிடம், "மெதுவாப் போப்பா, உள்ள ஒன்பது வருஷம் இருக்கு" என்றார். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

நிறுவனத்தின் வாசலில் காவலாளி படிவத்தைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான்.

"ஐயா, இதுல அம்பத்து நாலுன்னு போட்டிருக்கு. கையில நாலு இருக்கு. மிச்சம் அம்பது எங்க?"

"அம்பதும் இந்த நாலுக்குள்ளதான் இருக்கு தம்பி."

"அப்ப எண்ணிக்கையை மாத்தணும். விலையையும் மாத்தணும்."

"எண்ணிக்கையை மாத்து. விலையை ஏன் மாத்துறே? சரக்கு ஒரு பொடி குறையலையே. சொல்லப்போனா தரம் பிரிச்சிருக்கு. கூடத்தான் போடணும்."

பாப்பாவுக்கு ஒரு ஆசை வந்தது. இந்தக் காவலாளி கொஞ்சம் பிடிவாதக்காரனாக இருந்தால் தேவலை. சரிப்படாது, திரும்பிப் போங்க என்று விரட்டிவிட்டால் தேவலை. சட்டம் தடுத்தது என்று சொல்லிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். ஆனால் நாற்பது வருஷம் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி உரம் ஏறிய வாய்க்கு முன்னால் பாவம் அந்தப் பையன் எத்தனை நிமிஷம் தாங்குவான்? மூன்று நிமிஷம் தாங்கினான். பிறகு கையெழுத்துப் போட்டு, ஜாடி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து முதல் மாடியில் வைத்துவிட்டுப் போனான்.

அப்பா நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பாப்பா ஜாடிகளோடு உள்ளே போனாள். கதவின் மேல்பாதி கண்ணாடி.

குழுவில் மூன்று பேர். இயக்குநர் அம்மாள், தாள்களோடு ஓர் அலுவலக அதிகாரி, அப்புறம் அந்தப் பேராசிரியர். நரைத்த பெரிய மீசை. பாப்பா அவரை ஒன்பது மாதமாக மனதுக்குள் வைது வந்திருந்தாள். நேரில் பார்த்தால் வைய முடியாத ஆளாக இருந்தார். மேஜையில் பஞ்சு விரித்து, அதன்மேல் ஓடு அளக்கும் தன் சொந்த வெர்னியர் கருவியைத் துடைத்து வைத்திருந்தார். ஓட்டில் கீறல் விழக்கூடாது என்று பஞ்சு. நம்புவதற்குத் தயாராக வந்திருந்த மனிதர்.

"எடுங்கம்மா. பாலத்தடி, முதல் வருஷத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

"பாலத்தடி தனியா இல்ல சார்."

"சரி, படகுத்துறை."

"எதுவுமே தனியா இல்ல சார். கலந்துடுச்சு."

மூன்று பேரும் ஜாடிகளைப் பார்த்தார்கள். அதிகாரி, 'பொடி' என்ற சீட்டை வாய்விட்டே படித்தார்.

"யார் கலந்தது?" என்றார் பேராசிரியர்.

"நான்தான்."

"ஏன்?"

"தூக்கிட்டு வர வசதியா இருக்கும்னு."

பேராசிரியர் 'நடு' ஜாடியைத் திறந்து, ஓடுகளை எடுத்து எடுத்துப் பஞ்சில் வைத்து அளந்தார். பத்து. இருபது. முப்பது.

"முப்பது எடுத்துட்டேன். ஒண்ணுகூட இடம் மாறி விழல. இது கலைஞ்சு போன சரக்கு இல்லம்மா. யாரோ உட்கார்ந்து, பொறுமையா, கண்ணும் கருத்துமா பண்ணியிருக்காங்க. ஒன்பது வருஷம் ஒரு சீட்டு தவறாம எழுதின பொண்ணு இதைப் பண்ணியிருக்க மாட்டா."

பாப்பா மூடியை எடுத்து ஜாடி மேல் வைத்தாள்.

"நோட்டுப் புத்தகம் இருக்கே" என்று இயக்குநர் அம்மாள் கை கொடுக்கப் பார்த்தார். "எல்லா அளவும் எழுதி வச்சிருக்காங்களே. அதைப் பார்த்துத் திருப்பிப் பிரிச்சுட முடியாதா?"

"பதினெட்டு மில்லிமீட்டர்னு நோட்டுல நூறு இடத்துல இருக்கும் மேடம். ஜாடியில நூறு ஓடு இருக்கும். எதை எங்க வைக்கிறது? அப்படியே வச்சாலும், நோட்டைப் பார்த்துப் பிரிச்ச ஓட்டை அளந்தா நோட்டுல இருக்கிறதுதான் வரும். அதுக்கு நான் எதுக்கு?" பேராசிரியர் வெர்னியரை மூடினார். குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கொஞ்சம் வெளியில போய்ட்டு வரேன். நீங்க வகுப்பைப் பாருங்க."

கதவு திறந்தது, மூடியது.

அடுத்தது மாதிரி வகுப்பு. தலைப்பு எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். 'முதல் வருஷ மாணவருக்கு முதல் வகுப்பு: மாதிரி சேகரிப்பதும் குறிப்பு எழுதுவதும்.'

சில நாள் இப்படித்தான். விதி நம்மிடம் மட்டும் ஏதோ பழைய பாக்கியை வசூலிப்பது போலத் தோன்றும்.

பாப்பா கரும்பலகைக்கு நடந்தாள். கரும்பலகை கதவுக்கு எதிர்ச் சுவரில். அங்கே நின்றால் கண்ணாடி வழியாக நடைவழிப் பெஞ்சு நேராகத் தெரிந்தது. பெஞ்சில் அப்பா. அவர் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டிருந்தார் பேராசிரியர்.

"நீங்க கரையிலிருந்து எடுக்கிற எந்தப் பொருளுக்கும் ரெண்டு பாதி உண்டு" என்று ஆரம்பித்தாள். "ஒரு பாதி உங்க கையில இருக்கு. இன்னொரு பாதி, அது இருந்த இடமும் நாளும்."

வெளியே பேராசிரியர் ஏதோ கேட்டார். அப்பா நெஞ்சில் கை வைத்து, நான்தான் என்பதுபோல் காட்டினார்.

"குறிப்பைப் பென்சில்ல எழுதணும். மை கரைஞ்சுடும், பென்சில் கரையாது."

அப்பாவின் இரண்டு கைகளும் காற்றில் சல்லடை ஆட்டின. விரல்களால் மூன்று என்றார். ஒன்பது என்றார். இவ்வளவு உற்சாகமாக அவர் கை பேசி அவள் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

"சீட்டைப் புட்டிக்கு வெளியில ஒட்டாதீங்க. உள்ள போடுங்க. வெளியில இருக்கிறது உரிஞ்சு போகும்."

பேராசிரியர் பேச ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பேசினார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியர் ஒரு விரலால் பெஞ்சின் மேல் ஓர் இடத்தைத் தொட்டார், தள்ளி இன்னோர் இடத்தைத் தொட்டார், பிறகு உள்ளங்கையால் இரண்டையும் சேர்த்துத் துடைத்தார்.

பாப்பாவின் கையில் சுண்ணக்கட்டி உடைந்தது. சொல்லாதீங்க சார் என்று கத்த முடியாது. இன்னும் நாலு நிமிஷம் வகுப்பு இருக்கிறது. இயக்குநர் அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"சீட்டு இல்லாத ஓடு" என்றாள். நிறுத்தினாள். "சீட்டு இல்லாத ஓடு அழகா இருக்கும். பார்த்துக்கிட்டே இருக்கலாம். அதுகிட்ட நாம கேள்வி மட்டும் கேட்க முடியாது."

கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் கைகள் முழங்காலுக்கு இறங்கின. அங்கேயே இருந்தன. பிறகு அவர் பேராசிரியரிடம் ஏதோ கேட்டு, வெர்னியரை வாங்கி, திறந்து மூடி, திருப்பித் திருப்பிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

பேராசிரியர் உள்ளே வந்தபோது மீசை வாயை மூடியிருந்தது. அதிகாரியிடம், "ஆராய்ச்சிக்கு மார்க் போட வேணாம். நிலுவைன்னு போடுங்க" என்றார்.

"எத்தனை நாளைக்கு சார்?"

"சட்டத்துல அதிகபட்சம் எத்தனை?"

"பத்து நாள்."

"பத்தும் போடுங்க."

"பத்து நாள்ல நான் என்ன சார் கொண்டு வர முடியும்?" என்று கேட்டாள் பாப்பா.

"தெரியலம்மா" என்றார் பேராசிரியர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்களிடம் அடைக்கலம் போகக்கூடாது என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது.

அதிகாரி மதிப்பெண் தாளில் ஒரு நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

*

நடைவழியில் அப்பா எழுந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"ஜாடி?"

"உள்ளயே இருக்கட்டும்னு சொன்னாங்க."

"ம்."

படிக்கட்டின் முதல் படியில் பாப்பா கேட்டாள். "அவர் உங்ககிட்ட என்னப்பா பேசினார்?"

"யாரு?"

"மீசை வச்சவர்."

"நல்ல மனுஷன். அந்த வெர்னியரை எங்க வாங்கினார்னு கேட்டேன். முப்பது வருஷத்துச் சாமானாம். இப்ப அந்த மாதிரி வர்றதில்ல."

"வேற?"

"வேற என்ன."

பாப்பா அவர் முகத்தைப் பார்த்தாள். கொள்முதல் விலையை வாடிக்கையாளரிடம் காட்டாமல் நாற்பது வருஷம் காத்த முகம். அதில் தேடி எதையும் கண்டுபிடித்தவர்கள் கிடையாது. தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரியாது என்றால், சொல்லக்கூடாது. தெரியும் என்றால், தெரியாததுபோல் அவர் நடிப்பதைக் கலைக்கக்கூடாது. எப்படிப் போனாலும் அவள் வாய்க்கு வேலை இல்லை.

"அந்தத் தாளைக் கொடு" என்றார் அப்பா.

கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சுட்டு விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார்.

"படிப்பு இருபத்திரண்டு. வகுப்பு இருபத்து நாலு. நாற்பத்தாறு. பேச்சு பதினெட்டு. அறுபத்து நாலு."

"ஆமா."

"எத்தனை இருந்தா எடுத்துப்பாங்க?"

"எழுபத்தஞ்சு."

"பதினொண்ணு குறையுது."

விரல் நாலாவது வரிக்கு வந்தது. ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு எதிரே எண் இல்லை. விரல் அங்கேயே நின்றது. மேலே ஏறி வந்த யாரோ இரண்டு பேர் அவர்களுக்காக ஒதுங்கிப் போனார்கள்.

"இந்த நிலுவை யார் பேர்ல பாப்பா?"

"என் பேர்லதான்ப்பா."

அப்பா தாளை இரண்டாக மடித்தார். மறுபடி நான்காக மடித்தார். அவளிடம் திருப்பித் தரவில்லை. தன் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

தேவை எழுபத்தைந்து. வரவு அறுபத்து நான்கு. நிலுவை பதினொன்று. கெடு பத்து நாள்.